போகச் சொன்ன இடமெல்லாம் சாவியோடு போகலாமா?



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், சிரிப்புத் துணுக்கு இருக்கும், 'நட்பு' என்ற தலைப்பில் குறைந்தது மூன்று கட்டுரை இருக்கும். நடுவில் இந்தக் கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் ஆள் எதையோ எழுதியிருக்கிறானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்கள் போனில் இருக்கும் ஆப்கள் எல்லாம் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையைப் பற்றியது இது. அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. கொஞ்சம் கோபமும் உண்டு.

ஒரு கற்பனை. அம்மா உங்கள் கையில் பீரோ சாவியைக் கொடுத்து, "அத்தைகிட்ட குடுத்துட்டு வா" என்று அனுப்புகிறாள். அத்தை வீட்டு வாசலில் நிற்கும் ஒருவர், "அவங்க இங்க இல்லப்பா, மேலத்தெரு நாலாவது வீட்டுக்குப் போ" என்கிறார். நீங்களும் போகிறீர்கள். கதவைத் திறப்பவர் முன்பின் தெரியாத ஆள். சாவியை நீட்டுவீர்களா? "அத்தை எங்கே?" என்றாவது கேட்கமாட்டீர்களா? கேட்காமல் நீட்டிவிட்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அந்தப் பையன் இடத்தில் ஒரு லைப்ரரியை வைத்துப் பாருங்கள். ஒரு புரோகிராம் இணையத்திலிருந்து எதையாவது வாங்கிவர வேண்டுமென்றால் பெரும்பாலும் தானே நேரில் போவதில்லை. எச்.டி.டி.பி. கிளையண்ட் லைப்ரரி என்று ஒரு எடுபிடி வைத்திருக்கிறது. "இந்த முகவரிக்குப் போ, இந்தச் சாவியைக் காட்டு, தருவதை வாங்கி வா" என்று சொல்லி அனுப்பும். பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ், அதற்கு அடியில் யூ.ஆர்.எல்.லிப் 3, பி.எச்.பி.யில் கஸில், சி மொழிக்காரர்களுக்கு கர்ல், கோ மொழிக்கு அதன் சொந்தச் சரக்கு... பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. சாவி என்பது கோரிக்கையோடு போகும் ஆதரைசேஷன் என்ற ஹெடர். பாஸ்வேர்டோ டோக்கனோ அதில்தான் இருக்கும். சில சமயம் குக்கியும் அதே வேலையைச் செய்யும்.

சர்வர் சில நேரம் கேட்டதைத் தராமல் 3ல் தொடங்கும் ஒரு எண்ணைச் சொல்லி, லொகேஷன் என்ற வரியில் வேறு முகவரியைக் கொடுக்கும். இதுதான் ரீடைரக்ட். 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறியாகிவிட்டது, 302 என்றால் தற்காலிகமாக. இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு வேடிக்கையும் உண்டு. போஸ்ட் என்று அனுப்பியதைச் சில கிளையண்ட்டுகள் ரீடைரக்ட்டின்போது தப்பாக கெட் என்று மாற்றிவிடுகின்றன என்று, 1996ல் வந்த எச்.டி.டி.பி. 1.0 ஆவணமே குறைப்பட்டுக்கொண்டது. யாரும் திருந்தவில்லை. 1997ல் "சரி, கெட் என்றே மாற்றிக்கொள்" என்பதற்கு 303ஐ உண்டாக்கினார்கள். 1999ல் "மாற்றவே கூடாது" என்பதற்கு 307. நிரந்தர மாற்றத்துக்கு அதே கண்டிப்போடு 308. ஒருத்தர் பிடித்த குறுக்கு வழியை எல்லாரும் பிடித்துக்கொண்டால், கடைசியில் அதற்கும் ஒரு நம்பர் கொடுத்துவிட வேண்டியதுதான் போலிருக்கிறது!

அது போகட்டும். ஒரே சர்வருக்குள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. புது முகவரி வேறொரு டொமைனாக இருந்தால்தான் வம்பு. ரீடைரக்ட்டைப் பின்தொடர மிக எளிய வழி எது? பழைய கோரிக்கையை அப்படியே எடுத்து, முகவரியை மட்டும் மாற்றி, மறுபடி அனுப்புவது. இரண்டு வரி கோடு. பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த இரண்டு வரியில் பீரோ சாவி மேலத்தெருவுக்குப் போய்விடுகிறது.

"முதல் சர்வர் நம்ம சர்வர்தானே, அது ஏன் கெட்ட இடத்துக்கு அனுப்பப் போகிறது?" என்று கேட்கலாம். முதல் சர்வர் கெட்டதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முகவரியின் வாலில் எதை எழுதினாலும் அங்கே திருப்பிவிடுகிற பக்கங்கள் எத்தனையோ நல்ல தளங்களில் இருக்கின்றன. 'திறந்த ரீடைரக்ட்' என்று இதற்குப் பெயரே உண்டு. இன்னொன்று, என்றோ எழுதிவைத்த ரீடைரக்ட் சுட்டும் டொமைனுக்குப் பணம் கட்ட மறந்து, அதை வேறொருவர் வாங்கிவிட்டால்? அறிவிப்பு எதுவும் வராது. புரோகிராம் எப்போதும்போல் ஓடும், சாவி மட்டும் புது முதலாளியிடம் போய்ச் சேரும்.

இது நம்மைப் போன்ற பையன்கள் செய்யும் தப்பு என்று நினைத்தால் அது சரியல்ல. கர்ல் என்பது ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் தலைமையில் 1998லிருந்து வளர்ந்துவரும் லைப்ரரி. போனிலும் காரிலும் டிவியிலும் அது இருக்கிறது. யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் அதற்கென்று உள்ள ஆப்ஷனில் கொடுத்தால், முதல் ஹோஸ்ட்டோடு நிறுத்திக்கொள்ளும் புத்தி கர்லுக்கு முன்பே இருந்தது. ஆனால் அதே ஆதரைசேஷன் ஹெடரைக் கையால் எழுதிச் சேர்த்தால், ரீடைரக்ட் போகும் இடத்துக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது. 2018 ஜனவரியில் 7.58.0 பதிப்பில்தான் இது திருத்தப்பட்டது. கையால் எழுதிய குக்கிக்கு 2019ல் தடை வந்தது. அதோடு முடிந்ததா? ஹோஸ்ட் பெயர் அதேதான், ஆனால் போர்ட் எண் வேறு என்றால் அங்கே இருப்பது வேறு சர்வராக இருக்கலாமே என்ற கேள்விக்கு, 2022 ஏப்ரலில் 7.83.0 பதிப்பில் பதில் வந்தது. ஒவ்வொரு ஓட்டைக்கும் எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை பாதிப்பு என்று அவர்கள் தாங்களே எழுதி வெளியிடுகிறார்கள். அந்த நேர்மைக்கு ஒரு சலாம். நம்ம லேப் ரெக்கார்டில் அப்படி எழுதும் பழக்கம் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது யூ.ஆர்.எல்.லிப் 3ன் கதை. வேறு இடத்துக்கு ரீடைரக்ட் ஆனால் ஆதரைசேஷன் ஹெடரை நீக்கிவிட வேண்டும் என்று 2018ல் 1.23 பதிப்பில் திருத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் நீக்கும்போது பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கும் 'ஆதரைசேஷன்' என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எச்.டி.டி.பி.யிலோ ஹெடர் பெயருக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. யாராவது முழுவதும் சின்ன எழுத்தில் எழுதியிருந்தால் வாட்ச்மேன் கண்டுகொள்ளாமல் உள்ளே விட்டுவிடுவார்! 2019ல் 1.24.2 பதிப்பில்தான் அது அடைபட்டது. குக்கி ஹெடருக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நோட்-ஃபெட்ச், கஸில் இரண்டும் 2022ல் இதே வரிசையில் நின்றன. கோ மொழியின் கதை வேறு மாதிரி. 'அ' என்ற டொமைனிலிருந்து 'ஆ'வுக்குத் திருப்பினால் சாவியை ஒழுங்காகக் கழற்றிவிடும். ஆனால் 'ஆ' தனக்குள்ளேயே இன்னொரு பக்கத்துக்குத் திருப்பினால், "இது ஒரே டொமைன்தானே" என்று நினைத்துக் கழற்றிய சாவியை மறுபடி எடுத்து மாட்டிக்கொள்ளும். முதல் வாசலில் உஷாராக இருந்து, இரண்டாம் வாசலில் கோட்டை விட்டுவிட்டது! 2025 ஜனவரியில் இதைத் திருத்தினார்கள்.

இத்தனை கெட்டிக்காரர்கள், வேறு வேறு நாட்டில், வேறு வேறு மொழியில், ஒரே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள் என்றால் பள்ளம் எங்கே இருக்கிறது? லைப்ரரி எழுதுகிறவர் மனதில் 'பயனருக்கு வேலை நடக்க வேண்டும்' என்பதே முதல் நினைப்பு. ரீடைரக்ட் வந்தால் பின்தொடர்ந்து போய்ப் பொருளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் பாராட்டு கிடைக்கும். சாவியைக் கழற்றிவிட்டுப் போனால் அடுத்த வாசலில் 401 என்று கதவு சாத்தப்படும், "லைப்ரரி சரியில்லை" என்று திட்டு விழும். என் கருத்து இதற்கு நேர் எதிர். முன்பின் தெரியாத வாசலில் 401 வாங்கிவருகிற லைப்ரரிதான் நல்ல லைப்ரரி. அந்த 401ஐப் பார்த்தால்தான் முகவரி மாறியிருக்கிறது என்பதே நமக்குத் தெரியவருகிறது.

இதைப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. இன்பிளாண்ட் டிரெயினிங்குக்காக ஓர் அலுவலகத்தில் சில வாரம் இருந்தேன் (பெயர் வேண்டாம்). வாடிக்கையாளர்களின் பில் விவரங்களைத் தினமும் இரவு இன்னொரு சர்வரிலிருந்து இழுத்துவரும் ஒரு ஸ்கிரிப்ட் அங்கே உண்டு. ஒரு நாள் அது 401 என்று நின்றுவிட்டது. அந்தச் சேவையை நடத்துபவர்கள் வேறு டொமைனுக்கு மாறி, பழைய முகவரியில் ரீடைரக்ட் வைத்திருந்தார்கள். கர்ல் தன் கடமைப்படி டோக்கனைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறது. அங்கிருந்த சீனியர் அண்ணன் நெட்டில் தேடி, 'லொகேஷன்-டிரஸ்டட்' என்ற ஆப்ஷனைக் கண்டுபிடித்துச் சேர்த்தார். எங்கே திருப்பிவிட்டாலும் சாவியோடு போ என்பதுதான் அதன் அர்த்தம். ஸ்கிரிப்ட் ஓடியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

"அண்ணா, ஸ்கிரிப்ட்ல முகவரிய மட்டும் புதுசா மாத்திட்டா இந்த ஆப்ஷன் வேண்டாமே?" என்றேன்.

"ஓடுதுல்ல தம்பி? ஓடுறத எதுக்குத் தொடணும்?" என்றார்.

நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுக்காத நாளில்லை. ஆனால் அந்த டோக்கன் அத்தனை வாடிக்கையாளர்களின் பில்லையும் திறக்கும் டோக்கன். பழைய டொமைன் நாளைக்கு யார் கைக்குப் போனாலும், அவர் சொல்லும் இடத்துக்கு அது கேள்வி கேட்காமல் போய்ச் சேரும். ஒரு வரியில் முகவரியை மாற்றச் சோம்பல்பட்டு, முன்பின் தெரியாத வாசலுக்கெல்லாம் சாவியை அனுப்ப ஏற்பாடு செய்துவைப்பதை நான் 'ஃபிக்ஸ்' என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். "எங்களுடைய இரண்டு டொமைனும் எங்களுடையதுதான். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது ஏன் தடுக்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒருவருடையது என்று லைப்ரரிக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தெரிவது எழுத்துகள் மட்டும்தான். கோ மொழியில், மேல் டொமைனிலிருந்து அதன் கிளை டொமைனுக்குப் போனால் சாவி கூடப் போகலாம் என்று விட்டிருக்கிறார்கள். எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரே பெயரின் கீழ் ஆயிரம் பேருக்குக் கிளை டொமைன் கொடுக்கும் இலவச ஹோஸ்ட்டிங் சேவைகள் எத்தனை இருக்கின்றன! அங்கே கிளை என்றால் உறவு என்று அர்த்தமில்லை, வாடகைக்குக் குடியிருப்பவர் என்றுதான் அர்த்தம். ஸ்கீம், ஹோஸ்ட், போர்ட் மூன்றும் ஒத்தால்தான் ஒரே இடம் என்ற கணக்கு 2011லேயே ஆவணமாக வந்துவிட்டது. அதையே பிடித்துக்கொள்வது நல்லது. ரிக்வெஸ்ட்ஸ் ஒரே ஒரு சலுகை தருகிறது. அதே ஹோஸ்ட், வழக்கமான போர்ட், எச்.டி.டி.பி.யிலிருந்து எச்.டி.டி.பி.எஸ்.க்கு ஏறுகிறோம் என்றால் சாவியை விட்டுவைக்கும். இறங்கினால் கழற்றிவிடும் (2018ல் 2.20.0 பதிப்பு வருவதற்கு முன் இறங்கும்போதும் கழற்றாமல் இருந்தது). இந்தச் சலுகையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பூட்டில்லாத வழியில் ஏற்கெனவே கொண்டுபோன சாவியைப் பூட்டுள்ள வழியில் கொண்டுபோவதால் புதிதாக ஒன்றும் கெட்டுவிடாது.

சாவியைக் கூடக் கொண்டுபோனால் வேலையே கெட்டுப்போகும் சந்தர்ப்பமும் உண்டு. பெரிய ஃபைல்களைத் தரும் பல சேவைகள், நம் டோக்கனைச் சரிபார்த்துவிட்டு, கையெழுத்திட்ட தற்காலிக முகவரி ஒன்றைக் கொடுத்து அமேசான் எஸ் 3 போன்ற கிடங்குக்குத் திருப்பிவிடும். அனுமதி அந்த முகவரிக்குள்ளேயே இருக்கிறது. அதோடு ஆதரைசேஷன் ஹெடரையும் நீட்டினால், "இரண்டு அனுமதிச் சீட்டு காட்டாதே" என்று கிடங்கு 400 சொல்லித் திருப்பி அனுப்பிவிடும்!

இனி வருவதில்தான் எனக்கு உண்மையான கவலை. லைப்ரரி எவ்வளவு திருந்தினாலும் தானாகப் பிடிக்க முடியாத இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நாமே பெயர் வைத்த ஹெடர். பல சேவைகள் சாவியை ஆதரைசேஷனில் வாங்காமல் 'எக்ஸ்-ஏபிஐ-கீ' போன்ற சொந்தப் பெயரில் வாங்குகின்றன. கர்லுக்கோ ரிக்வெஸ்ட்ஸுக்கோ அது சாவி என்று எப்படித் தெரியும்? சாதாரண ஹெடர் என்று நினைத்துக் கூடவே கொண்டுபோகும். யூ.ஆர்.எல்.லிப் 3ல் 'ரீடைரக்ட்டில் நீக்க வேண்டியவை' என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் நம் ஹெடர் பெயரையும் சேர்க்கலாம். எத்தனை பேர் சேர்க்கிறோம்? சேவை நடத்துபவர்களும் தங்களுக்கென்று புதுப் பெயர் கண்டுபிடிக்காமல், எல்லா லைப்ரரிக்கும் தெரிந்த ஆதரைசேஷனையே வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது, கோரிக்கையின் உடல். லாகின் செய்யும்போது பாஸ்வேர்ட் ஹெடரில் போவதில்லை, போஸ்ட்டின் உடலில் போகிறது. 307ம் 308ம் 'எதையும் மாற்றாமல் மறுபடி அனுப்பு' என்று கண்டிப்பாகச் சொல்லும் எண்கள். எனவே ஹெடரைக் கழற்றிய அதே லைப்ரரி, பாஸ்வேர்ட் உள்ள உடலை முழுசாகப் புது டொமைனுக்குக் கொடுத்துவிடும். இது லைப்ரரியின் ஓட்டையல்ல, விதியே அப்படி. 1999 ஆவணம், 307 வந்தால் கெட், ஹெட் தவிர மற்றவற்றை மனிதர் ஒருவர் சரி சொல்லாமல் தானாக அனுப்பக் கூடாது என்று எழுதிவைத்திருந்தது. 2014ல் வந்த திருத்தத்தில் அந்தக் கட்டாயம் போய், 'கவனமாக இரு' என்ற புத்திமதி மட்டும் மிஞ்சியது. 2022 ஆவணம் ஆதரைசேஷன், குக்கி போன்ற ஹெடர்களை நீக்குவது பற்றி 'யோசி' என்கிறது. யோசி! ஹாஸ்டல் வார்டன் "பத்து மணிக்குள் வருவதைப் பற்றி யோசிக்கவும்" என்று நோட்டீஸ் போட்டால் எத்தனை பேர் வருவார்கள்? வேறு டொமைனுக்கு 307 வந்தால், உடலுள்ள கோரிக்கையைத் தானாக அனுப்பாமல் நின்று கேட்பதுதான் லைப்ரரியின் இயல்பான நடத்தையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பழைய விதி கறாராகத் தோன்றினாலும் சரியாகத்தான் இருந்தது.

யாரும் என் சொல்லை நம்ப வேண்டாம், லேபிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே கம்ப்யூட்டரில் பைத்தானில் இருபது வரியில் இரண்டு சின்ன சர்வர். ஒன்று 8000 போர்ட்டில், அடுத்தது 8001ல். முதலாவது எதைக் கேட்டாலும் 302 சொல்லி இரண்டாவதுக்குத் திருப்பட்டும். இரண்டாவது தனக்கு வந்த ஹெடர்களையும் உடலையும் அப்படியே திரையில் அச்சடிக்கட்டும். புராஜெக்ட்டில் எந்த லைப்ரரியை வைத்திருக்கிறீர்களோ அதில் ஒரு பொய் டோக்கனைப் போட்டு 8000ஐக் கேளுங்கள். 8001ன் திரையில் டோக்கன் தெரிகிறதா? ஹெடர் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதி மறுபடி அனுப்புங்கள். 8001ஐத் தனக்குள்ளேயே இன்னொரு முறை திருப்பச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் 302ஐ 307 ஆக்கி, ஒரு பொய் பாஸ்வேர்டைப் போஸ்ட்டின் உடலில் வைத்து அனுப்புங்கள். இந்தக் கடைசிச் சோதனையில் அது 8001ன் திரையில் வந்து நிற்கும். வந்தால், தானாகப் பின்தொடர்வதை நிறுத்தும் வழி அந்த லைப்ரரியில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ரிக்வெஸ்ட்ஸில் 'அலவ் ரீடைரக்ட்ஸ்' என்பதற்கு 'ஃபால்ஸ்' கொடுக்க வேண்டும். கர்ல் கமாண்டில் 'ஹைஃபன் எல்' போடாமல் விட்டாலே போதும், அது எங்கும் போகாது.